பங்குக் கிணற்று மீன்

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு கிடையாது. ஏச்சு உண்டு. பாகம் பிரித்தவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் பிரித்துவிட்டு, கிணற்றைப் பிரிக்க வழி தெரியாமல் மதிலுக்கு நடுவே விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் என் கப்பி, அந்தப் பக்கம் அவர் கப்பி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் அவர் முன்வாசல் வழியாகப் போவார், நான் பக்கவாசல் வழியாகப் போவேன்.

அவர் தனியாகப் போர்வெல் போட்டுக்கொண்டார். அதனால் கிணற்றை மூடினால் கார் திருப்ப இடம் கிடைக்கும் என்று ஒரு லோடு மண்ணையும் இறக்கி வைத்திருந்தார். எனக்கு அந்தக் கிணறுதான் குடிதண்ணீர். பைப்பு வாரத்தில் இரண்டு நாள் வரும், அதுவும் அதற்குத் தோன்றினால்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் என் வாளியில் அது வந்தது. தீக்குச்சி நீளம்தான். ரத்தச் சிவப்பு. கண் இல்லை. மண்புழு என்று கொட்டப் போனவள், வாயோரத்தில் மீசை அசைவதைப் பார்த்து நின்றேன். இத்தனை வருஷமாக இதோடு சேர்த்தா குடித்தோம்? போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருத்தி கடைசிக் காலத்து அடையாளம் என்று எழுதினாள். அது யார் யார் கையோ மாறி, மதியத்துக்குள் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு காலேஜ் டீச்சர் கூப்பிட்டுவிட்டார்.

வெட்டுக்கல் பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீரில் வாழ்கிற மீன் வகையாம். இங்கே கேரளத்தில் சில கிணறுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். நாளை மதியம் வருகிறேன் என்றார். உயிரோடு பார்த்துவிட்டால், கிணற்றை மூடக்கூடாது என்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றார். அதுவரை அதே தண்ணீரிலேயே வைக்கவும் சொன்னார்.

என் காதில் ஏறியது மூடக்கூடாது என்பது மட்டும். மீன் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. அண்ணனை அடிக்க ஆண்டவர் என் கையில் ஒரு தடி கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"கிணத்தை மூடுவியளோ? இனி மூடிப் பாருங்க, கேசு வரும்!" என்று அன்று சாயங்காலமே மதிலுக்கு மேல் கத்தினேன்.

"எடி, ஒரு புழுவைக் காட்டியா என்னைப் பயப்படுத்துக?" என்று அவர் திருப்பிக் கத்தினார். "நாளைக்குப் பிளீச்சிங் பவுடரு வாங்கிக் கலக்குவேன். உனக்க மீனும் தீந்துது, உனக்க திமிரும் தீந்துது."

தெருவே கேட்டது. அண்ணன் என்று கூப்பிட்டு வருஷங்கள் ஆகிவிட்ட வாயால் கொலைகாரா என்று கூப்பிட்டேன். மீன் இருந்த வாளியை இரவு அடுக்களைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பார்த்தால் வாளித் தண்ணீர் கலங்கலாக இருந்தது. மீன் சரியாகத் தெரியவில்லை. டீச்சர் வந்தால் அண்ணனும் எட்டிப் பார்ப்பார், அவர் கண்ணில் நன்றாகப் படட்டும் என்று கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்தேன். அன்று பைப்பு வந்திருந்தது. தண்ணீர் நல்ல தெளிவு. மீனை டீ வடிகட்டியில் கோரி அதில் விட்டேன். அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. கிண்ணத்தைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனேன்.

திரும்பி வரும்போது அது மல்லாந்து கிடந்தது. கிண்ணத்தை மூக்கருகில் கொண்டு போனேன். பைப்புத் தண்ணீரில் கலக்கும் பிளீச்சிங் பவுடர் வாடை. தினமும் மோந்து பழகிய வாடைதான், விடும்போது என் புத்தியில் எட்டவில்லை. பவுடர் கலக்குவேன் என்று சொன்ன மனுஷன் இன்னும் கடைக்குக்கூடப் போகவில்லை.

அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் கிண்ணத்தைக் குனிந்து பார்த்து, "அய்யோ, செத்துப் போயோ?" என்றார். அதே நேரம் கிணற்றின் அந்தப் பக்கம் அண்ணன் தலை தெரிந்தது. என் நாக்கு யோசிக்கவே இல்லை. நேற்று மிரட்டியபடியே கிணற்றில் பவுடர் போட்டுவிட்டார் என்று மலையாளத்தில் சொல்லி, அவரைக் கைகாட்டினேன்.

டீச்சர் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அண்ணன் கிண்ணத்தை எடுத்து மோந்தார். என் முற்றத்துப் பைப்பின் கீழே நிறைந்து வழிந்துகொண்டிருந்த குடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னுடைய ஒரு சொல்லையும் பதில் சொல்லாமல் விட்டவரில்லை. அன்று தலையைக் குனிந்து அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார்.

செத்த மீனைக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு டீச்சர் கிளம்பினார். உயிரோடு இன்னொன்று வந்தால்தான் எழுதிக் கொடுக்க முடியும் என்றார். ஆட்டோ வளைவு திரும்பியதும் அண்ணன் தன் வாளியைக் கிணற்றில் இறக்கி இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"பவுடருக்க ருசி ஒண்ணும் இல்லியே, மக்கா," என்றார்.

அதன் பிறகு கிணற்றை மூடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. இறக்கிய மண்ணைத் தென்னைகளுக்கு அணைத்துவிட்டார். எங்களுக்குள் இப்போது ஏச்சும் இல்லை. வீட்டில் போர்த் தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் தினமும் காலையில் வந்து கிணற்றில் ஒரு வாளி இறைக்கிறார். அதை உடனே கொட்டுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து அடிவரை சிவப்பாக ஏதாவது அசைகிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் கிணற்றிலேயே விடுகிறார். என் அடுக்களை ஜன்னலுக்கு நேரே நின்றுதான் இதைச் செய்கிறார். அவர் எனக்குச் செய்த மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன்.