உப்பளத்தில் ஏழு பல்பு

பல்பு மாட்டினால் எலக்ட்ரீஷியன். அதே பல்பை எதற்கென்று சொல்லத் தெரியாமல் மாட்டினால் ஆர்ட்டிஸ்ட். எழுபதுகளில் நான் இரண்டாவது ரகம். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்டு நொந்தவர்கள் மேலே படிக்கலாம்.

உப்புக்கு எதுக்கு?

மரக்காணம் உப்பளத்தில், கடலோரத்திலிருந்து மீனவர் குப்பம்வரை போகும் வரப்பில் ஏழு கம்பம் நட்டேன். லாரி பேட்டரி, பழைய ரேடியோ சாமான்கள். ஆள் கடந்தால் அந்தக் கம்பத்துப் பல்பு எரியும், போனதும் அணையும். விடியுமுன் உப்பு வார வந்தவர்களின் நடை, பாத்தித் தண்ணீரில் வெளிச்சமாக நகர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷன் கட்டுமரத்தில் போக, தான் உப்பு வாரும் அஞ்சலை மட்டும் கேட்டாள்:

"எங்க தெருவுக்கே கரண்டு இல்ல. உப்புக்கு எதுக்கு சார் லைட்டு?"

கோயில் விளக்கு

கரை திரும்பும் கட்டுமரக்காரர்கள் குப்பத்துக் கோயில் விளக்கைக் குறிவைத்துத்தான் முகத்துவாரம் பிடிப்பார்கள். இது எனக்குத் தெரியாது, யாரையும் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு கட்டுமரம் மணல் திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. அதில் போன ஏழுமலை நீந்தி வந்துவிட்டான். கூடப் போன அஞ்சலையின் புருஷன் வரவில்லை. ஏழுமலை என்னை அடிக்கக்கூட இல்லை.

"ஒன் வெளக்கதான்யா கோயில் வெளக்குன்னு நெனச்சோம்."

பேட்டரி

அன்றே பேட்டரிகளைக் கழற்றினேன். சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அஞ்சலை வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தலை குனிந்தேன். உடல் கிடைக்கும்வரை குப்பத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லையாம். அதனால் இன்னொரு கட்டுமரம் ஏமாறாதாம்.

"அந்த வெளிச்சத்தப் பாத்துதான வந்தாரு? மறுபடி போடுங்க சார்."

ஏழாவது கம்பம்

போட்டேன். பொழுது சாயும் நேரம், குப்பத்துப் பக்கமிருந்த ஏழாவது கம்பத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். காற்றில்லை. வரப்பில் ஒரு நாய்கூட இல்லை. கடலோரத்து முதல் பல்பு எரிந்தது. ஈரம் ஏறியிருக்கும் என்றேன். அது அணைந்து இரண்டாவது எரிந்தது. பிறகு மூன்றாவது. களைத்த ஆள் நடக்கிற வேகம். எங்கள் தலைக்குமேல் ஏழாவது எரிந்தபோது அஞ்சலை எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, நகர்ந்து வழிவிட்டாள்.

"வந்துட்டாரு. இனிமே அணைச்சுடுங்க சார்."

இப்போதெல்லாம் எந்த ஊரில் கண்காட்சிக்குக் கூப்பிட்டாலும், ஹால் எவ்வளவு பெரிசு என்று கேட்பதற்கு முன்னால், அங்கேயிருந்து கடல் தெரியுமா என்றுதான் கேட்கிறேன்.