மூன்றாம் மாடிக்கு வந்த வில்லங்கம்

வீடு பார்க்கப் போன இடத்தில் லிப்டுக்குள் ஏறியதும் அவர் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். கூட வருகிற வீட்டுத் தரகர் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாகப் பேச்சை நிறுத்துவார். பிரார்த்தனையெல்லாம் இல்லை. லிப்ட் முனகுகிறதா என்று கேட்கிறார். "முனகுதுன்னா குடியிருப்போர் சங்கத்துல காசு இல்லைன்னு அர்த்தம். காசு இருந்தும் முனகுதுன்னா யாரோ சாப்பிடுறாங்கன்னு அர்த்தம்" என்பார். முனகவே இல்லையென்றால்? "நாம வர்றோம்னு நேத்துதான் எண்ணெய் விட்டிருப்பாங்க."

வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வெறும் வயிற்றோடு வந்திருப்பதாகச் சத்தியம் செய்கிறவர்களின் ரத்தத்தில் காலை டீயின் சர்க்கரையைத் தினமும் பார்க்கிறவர். மனிதர்களின் வாய்மேல் அவருக்கு நம்பிக்கை போய் வெகுநாளாகிறது. மைத்துனர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வில்லங்கம். வீடு வாங்குகிறவர்கள், சொத்தின்மேல் கடனோ அடமானமோ இருக்கிறதா என்று பார்க்கப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்பார்கள். இவர் ஒரே வீட்டுக்கு இரண்டு ஆட்களைத் தனித்தனியே அனுப்பி இரண்டு சான்று வாங்குவார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டாமா?

அவர் மனைவிக்குக் கல்யாணமான நாள் முதல் வாடகை வீடு. எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. கல்யாணப் பரிசாக வந்த சுவர்க் கடிகாரம் பீரோ மேல் மல்லாந்து கிடந்து விட்டத்துக்கு நேரம் காட்டுகிறது. இப்போதிருக்கும் வீட்டையும் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. "யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்கணும், அவ்வளவுதான்" என்கிறாள் அந்த அம்மாள். பாவம், இதைவிடச் சின்ன ஆசை உலகத்தில் இருக்க முடியாது.

அவர் ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கழித்தார். அதில் ஒரு கட்டடத்தின் கார் நிறுத்தும் இடம் உண்மையிலேயே கோர்ட்டில் இருந்தது. அவர் சந்தேகம் ஒருமுறை சரியாகப் போனது பெரிய வினையாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்புறம்தான் அந்த மூன்றாம் மாடி வீடு வந்தது. விற்கிறவர் ஒரு நர்ஸ் அம்மாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு போய் இருக்கப் போகிறார். மனைவி சமையலறை ஜன்னல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள், கூப்பிட்டாலும் வரவில்லை. பத்திரம் சுத்தம். கட்டடம் முறைப்படி கட்டி முடிந்ததற்கான நிறைவுச் சான்று இருந்தது. வழக்கு எதுவும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், வழுக்கைத்தலை மனிதர், பராமரிப்பு நிதிக் கணக்கை மேஜைமேல் வைத்துவிட்டு டீ போடச் சொன்னார். இவர் வரி விடாமல் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

அங்கேதான் அவருக்கு மூக்கு வியர்த்தது. "ஒரு தப்புகூட இல்லாத கணக்கை நான் பார்த்ததே இல்ல. அதோட எதுக்கு டீ கொடுக்கிறாரு?" என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் வீடு வீடாக விசாரணை. யாரையும் குற்றம் சொல்ல மாட்டார், அவ்வளவு நாசூக்கு. பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமா என்பார். தெரியாது என்பார்கள். கேட்டதே இல்லையா என்பார். இல்லை என்பார்கள். உடனே ஒரு "ம்..." போடுவார். கொஞ்சம் நீளமான "ம்". அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

அந்த "ம்" படியேறி இறங்கியது. எதிரும் புதிருமாகக் குடியிருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் மாடியில் துணி உலர்த்தும்போது கூடிக்கூடிப் பேசினார்கள். லிப்டுக்கு எண்ணெய் விடுகிறவன் செயலாளருக்குத் தூரத்து உறவாம். அது எப்படி இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போயிற்று? கீழ்வீட்டு டியூஷன் வாத்தியார் முன்னால் நின்று சங்கத்தின்மேல் வழக்கே போட்டுவிட்டார். வழக்கு தீரும்வரை சங்கம் யாருக்கும் வீட்டை விற்கத் தடையில்லாச் சான்று தராது. அது இல்லாமல் வங்கி கடன் தராது. நர்ஸ் அம்மாள் கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்.

நம் ஆளுக்கு வெற்றி. "பார்த்தியா, கேஸ் வரும்னு எனக்கு அப்பவே தோணிச்சு" என்றார் மனைவியிடம்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வீட்டுல இருந்த ஒரே கோளாறு நீங்கதாங்க."

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சொல் சுட்டுவிட்டது, நன்றாகவே சுட்டுவிட்டது. அவளேதான் யோசனையும் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், போய் உள்ளதைச் சொல்லுங்கள், வாத்தியார் வழக்கைத் திரும்பப் பெறட்டும்.

போனார். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மனைவியும் நர்ஸ் அம்மாளும் பின்வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து, கணக்கைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், ஒரு பைசா குறையவில்லை என்றும், செயலாளர் நல்ல மனிதர் என்றும் சொன்னார். சந்தேகத்தைக் கிளப்பியது தான்தான் என்றும் ஒப்புக்கொண்டார். ஒரு மனிதரை நல்லவர் என்று அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதனால் குரல் கொஞ்சம் தடுமாறியது.

டியூஷன் வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க இங்க குடியிருக்கல. இன்னும் வாங்கவும் இல்ல. போன மாசம் வேற மாதிரி கேட்டீங்க, இப்ப வேற மாதிரி பேசுறீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?"

எல்லாத் தலைகளும் நம் ஆள் பக்கம் திரும்பின. அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் முகத்தில் கோபம் இல்லை. கடைசியில் நம்மைப் போல் ஒருவன் கிடைத்தானே என்கிற மரியாதைதான் தெரிந்தது. தன்னையும் அறியாமல் நம் ஆளின் தலை, நியாயமான கேள்விதான் என்று மெல்ல ஆடியது.