குமிழி விழுந்த ஷீட்

மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மங்கம்மாவைப் போல ரப்பர் ஷீட் ஊற்ற ஆள் கிடையாது. இதை மங்கம்மாவே எல்லாரிடமும் சொல்லுவாள், சொல்லாவிட்டாலும் உண்மைதான். தொட்டியில் கலந்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டுக் கலக்கி, மேலே பொங்கும் நுரையைப் பலகையால் வழித்தெடுப்பது அவள் வேலை. நுரை கொஞ்சம் தங்கினாலும் ஷீட்டுக்குள் குமிழி விழுந்துவிடும். அவள் ஷீட்டைப் புகை போட்டு வெளிச்சத்தில் பிடித்தால் துளிக் குமிழி இருக்காது, தேன் மாதிரி தெளிந்திருக்கும். அந்தக் கர்வம்தான் அவளைக் கெடுத்தது.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சர்க்கார் வீட்டில் அரிசி வைக்க விடவில்லை. பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கிவர வேண்டும். பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கை கொண்டுபோனாலும் பிடித்துவிடுவார்கள். மங்கம்மா வீட்டில் பெரிய பாத்திரம் இல்லை. ஷீட் ஊற்றும் ஸ்டோரிலிருந்து விளிம்பு நசுங்கிய பால் தட்டொன்றை எடுத்துப்போய்ச் சோறு வாங்குவாள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் ஒரு அலசு அலசித் திரும்ப வைத்துவிடுவாள்.

ஒரு நாள் ஒரு ஷீட் முழுக்கக் குமிழி. கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் அதை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். மங்கம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மோந்து பார்த்தாள், புளித்த வாடை. பக்கத்தில் வாளியோடு பால் ஊற்ற நின்றவள் பால்வெட்டும் தாயம்மா.

"என் கையில குத்தமில்லைங்க. தாயம்மா வாளியிலதான் கஞ்சி வாட அடிக்குது," என்றாள்.

தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை. ஆனால் அந்தக் காலத்தில் பால் வாளியில் கஞ்சி என்றால் காட்டுக்குச் சோறு போகிறது என்றுதான் அர்த்தம். மாலையே போலீஸ்காரர்கள் வந்து தாயம்மாவை லாரியில் ஏற்றிப் போனார்கள். அவள் பிள்ளைகள் லயத்து வீட்டு வாசலில் நின்று அழுதன.

மறுநாள் தாயம்மாவின் பால் இல்லை. அவள் பால் சேராமல் ஊற்றிய அன்றைய ஷீட் ஒன்றிலும் குமிழி. அதன் ஓரத்தில் தட்டின் நசுங்கல் அப்படியே பதிந்திருந்தது. எல்லார் பாலும் ஒரே தொட்டியில்தான் கலக்கிறது. தாயம்மாவின் பால் புளித்திருந்தால் எல்லா ஷீட்டும் அல்லவா பாழாகியிருக்க வேண்டும்? இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

தட்டைத் தீம்பாரில் ரப்பர் மரங்களுக்கிடையே எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அவளுக்குக் கூசியது. தட்டோடு ஆபீசுக்குப் போனாள். சம்பளம் வாங்க நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நான் சோறு வாங்குன தட்டுங்க. சரியா கழுவல. தாயம்மா மேல ஒண்ணும் இல்ல," என்றாள்.

சில நாள் கழித்துத் தாயம்மாவை விட்டார்கள். உடுப்பைக் களையச் சொல்லிச் சோதித்தார்களாம். மன்னிப்புக் கேட்கப் போன மங்கம்மாவுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் ஸ்டோரில் தாயம்மாவின் முறை வந்தது. வாளியைத் தொட்டியில் கவிழ்க்காமல் மங்கம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மொதல்ல மோந்து பாருங்கக்கா. அப்புறம் ஊத்துறேன்."

அந்தத் தோட்டத்தில் இருந்தவரை தாயம்மா தினமும் அப்படித்தான் நீட்டினாள். மங்கம்மாவும் தினமும் குனிந்து மோந்தாள்.