உங்கள் அம்மாவுக்காகப் பிடித்த வால் நட்சத்திரம்

பிள்ளைகளா, உங்களில் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வானத்தில் ஒரு வால் நட்சத்திரம் வந்தது. ஊரே பார்த்தது, உங்கள் அம்மாவைத் தவிர.

தலைப்பிரசவத்துக்காக அவள் செஞ்சிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னாலேயே மலை. பொழுது சாய்ந்ததும் மலைக்கு மேலே அது பளிச்சென்று தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரி பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று, விளக்கு வைக்கும் முன்பே அவள் அம்மா, அதாவது என் அத்தை, கதவு சன்னலெல்லாம் சாத்திவிடுவார். நான் பார்க்கப் போனபோது உங்கள் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"மாமா, அது போயிடப் போவுது. எனக்கு எப்படியாவது காட்டிடு."

அத்தையை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. நம் ஊர் உறுவையாற்றுக்குத் திரும்பி, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் பெட்டிக் கேமராவைக் கேட்டேன்.

"மாட்டையே ஒழுங்கா புடிக்க மாட்ட, வால் நட்சத்திரத்தப் புடிக்கப் போறியா?" என்று சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். "கையில வெச்சிகினு எடுக்காதடா. கல்லு மேல வையி. விசைய அமுக்கினா கொஞ்ச நேரத்துக்கு வுடாத. மூச்சுகூட வுடாத."

மறுபடி சைக்கிள் மிதித்துப் போனேன். நம் ஊர்ப்பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போய்விட்டதால், எல்லையில் நிறுத்தி மூட்டையைப் பிரிக்கச் சொல்ல ஆளில்லை. தோட்டத்தில் துவைக்கிற கல்லின் மேல் கேமராவை வைத்து, மலை உச்சி தெரிகிற மாதிரி முட்டுக் கொடுத்து, விசையை அழுத்திப் பிடித்தேன். சாத்திய சன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் குரல்.

"மாமா, இன்னா தெரியுது?"

"பேசாத இரு."

"வாலு கீழ தொங்குதா?"

"இல்ல, மேல தூக்கிகினு நிக்குது."

"அவுத்து வுட்ட கன்னுக்குட்டி மாதிரியா?"

சிரிப்பு வந்து கை ஆடிவிட்டது. ஆனாலும் விசையை விடவில்லை. சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டார்.

"நீங்களும் அவகூட சேந்துகினீங்களா மாப்ள? படத்துல பாத்தாலும் பாத்ததுதான். மொதல்ல புள்ள பொறக்கட்டும்."

வில்லியனூரில் படம் கழுவிக் கொடுத்தவர், "இருட்டையா எடுத்தே?" என்றார். உற்றுப் பார்த்தால் கறுப்பாக மலையின் முதுகு, அதற்கு மேலே வெள்ளையாக, அடுத்தடுத்து இரண்டு கீற்று. என் கை ஆடியதில் ஒன்று இரண்டாகியிருந்தது. இன்னொரு தடவை எடுக்கலாமென்றால், அதற்குள் அது மங்கிப் போயிருந்தது.

மூத்தவள் நல்லபடியாகப் பிறந்த பிறகு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் அம்மா விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னா மாமா, ரெண்டு வந்துச்சா? ஒண்ணுக்கே எங்கம்மா என்னை இந்தப் பாடு படுத்திச்சு!"

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கிளம்பும்போது உங்கள் அம்மா, "இங்க இருந்தா கசங்கிடும், நம்ம வூட்டுக்கு எடுத்துகினு போ" என்று கொடுத்தனுப்பினாள்.

ஆளில்லாத நம் வீட்டில் அன்றைக்கே ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். பிறகு, அவள் பிள்ளையோடு படுக்கப்போகிற இடத்தில் பாயை விரித்து, நானே படுத்துப் பார்த்தேன். படம் உயரமாகத் தெரிந்தது. எழுந்து ஆணியைப் பிடுங்கி, கீழே இறக்கி அடித்துவிட்டு, மறுபடியும் படுத்துப் பார்த்தேன்.