பெயர் அழிந்த நாற்பது குப்பிகள்

செல் வளர்க்கும் வேலைக்கு வந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. இதைப் படித்துத் தலையாட்டும் சக பாவிகளுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் யாருக்குச் சோறு?

சிங்கப்பூரில், தேசிய உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தில் நான் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தபோது, கழகமே ஒரு மாடிதான். செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டநீர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். லிட்டில் இந்தியாவில் தங்கை நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருக்க, நான் பட்டுப்புடவையோடு பஸ் ஏறி ஓடினேன். திரும்பி வந்தால் பந்தி முடிந்திருந்தது. அம்மா எனக்கென்று ஓர் இலைச் சாப்பாட்டைக்கூட எடுத்துவைக்கவில்லை.

"அதுங்களுக்குச் சோறு போட்டுட்டல்ல? இப்ப நீ போய் பரோட்டா கட்டிக்கிட்டு வா."

ஜாலான் புசார் பேனா

எங்கள் குழுத் தலைவர் டாக்டர் ஃபாத்திமா. கல்லீரல் புற்றுநோயாளிகளின் செல்களை மூன்று வருடம் பாடுபட்டுச் சேர்த்தார். நாற்பது சின்னக் குப்பிகள், வேறு நகல் இல்லை. உறையவைக்கும் அன்று பார்த்து, குப்பியில் எழுதும் பேனா தீர்ந்துவிட்டது. அந்தப் பேனாவின் மை ஸ்பிரிட்டுக்கும் அழியாது. புதிதாக வரவழைக்க ஒரு வாரமாகும். எனக்கா பொறுமை? ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நுழைந்து, கையில் கிடைத்த பேனாவைக் காட்டி அழியுமா என்று கேட்டேன். கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.

"தண்ணில ஊறப்போட்டாலும் அழியாது லா, தங்கச்சி!"

எட்டு மாடி

கழகம் வளர்ந்து எட்டு மாடிக் கட்டடத்துக்குக் குடிபோனது. புது உறைபெட்டிக்குள் அழுக்கு போகக் கூடாதென்று, அந்த ஹார்ட்வேர் கடைப் பேனாவால் பெயர் எழுதிய குப்பிகளை நான்தான் ஸ்பிரிட்டால் துடைத்தேன். தண்ணீருக்கு அழியாததெல்லாம் ஸ்பிரிட்டுக்குத் தாங்குமா? நாற்பதாவதை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், ஒன்றிலும் பெயரில்லை. துணியெல்லாம் நீலம். எது யாருடைய செல்? மூன்று வருட உழைப்பை நானே துடைத்துவிட்டேனே என்று அழுதுவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. "எப்படித் துடைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். ஒன்றை எடுத்துத் துடைத்து, பெட்டியில் அது இருந்த அதே குழியில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். இந்த நிதானத்துக்காகவே எனக்கு ஆமை என்று பெயர் வைத்தவர் அவர். எந்தக் குழியில் யாருடைய செல் என்று என் நோட்டில் கட்டம் போட்டு எழுதியும் இருந்தது. அதைப் பார்த்து எல்லாவற்றுக்கும் மறுபடி பெயர் எழுதினோம். பிறகு டாக்டர் இரண்டு குப்பிகளை எடுத்து வளர்த்து, நோயாளிகளின் மரபணுப் பதிவோடு ஒப்பிட்டுப் பரிசோதித்தார். இரண்டும் நோட்டில் இருந்தபடியே சரியாக வந்தன.

"செல்வி, நீங்க ஆமையாவே இருங்க. பேனாவை மட்டும் இனிமே நான் வாங்குறேன்."

ஆக, எட்டு மாடிக்கு வளர்ந்துவிட்ட எங்கள் அறிவியல், இன்னமும் ஒரு பேனாவையும் ஓர் ஆமையையும் நம்பித்தான் இருக்கிறது.