மாரிக்குச் சாத்திய வெள்ளிக் கண்மலர்

எழுத்து என்னைப் பார்த்தால் எழுந்து ஓடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிடித்து வைத்த வரி அடுத்த நிமிடம் கலைந்துவிடும். டிஸ்லெக்சியா என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை மக்கு என்றுதான் என்னைச் சொன்னார்கள்.

பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பள்ளிக்கூடத்தில் கன்னடம், இங்கிலீஷ், தமிழ் என்று மூன்று மொழி. மூன்றிலும் முட்டை. கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்த என் அம்மா, எனக்குக் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். கண் நல்லா இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை. எங்கள் தெரு மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார். ஒவ்வொரு ஆடிக்கும் இரண்டு வெள்ளிக் கண். "என் பொண்ணுக்குக் கண்ணு தெளியணும் தாயே" என்று ஒரே வேண்டுதல்.

எழுத்து தெளியவில்லை. பத்தாவதில் தோற்ற அன்று எனக்கு வந்த கோபத்தில், "கோளாறு கண்ணுல இல்லம்மா, மண்டையில! நீ தப்பா வேண்டிக்கிட்ட!" என்று கத்தினேன். அம்மா அடுத்த ஆடிக்கும் கண்மலர் வாங்கினார்.

படிப்பை விட்டுவிட்டுக் கல்யாண போட்டோ ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போனேன். அப்புறம் கேமரா கைக்கு வந்தது. எழுத்து மாதிரி அதில் எதுவும் ஓடவில்லை. நான் பார்த்தது பார்த்தபடி நின்றது! இன்றைக்கு வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்ட் கல்யாணங்களுக்கு என்னைத் தேடி வருகிறார்கள். "லேடி போட்டோகிராபரா?" என்று யாராவது இழுத்தால், "ஆமா சார், லேடிதான். கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டுக் க்ளிக் பண்ணிவிடுவேன்.

கல்யாணம் இல்லாத காலை வேளைகளில் எங்கள் மார்க்கெட் பெண்களைப் படம் எடுத்தேன். பூக்காரி, மீன்காரி, துணிக்கடை வாசலில் கூவி விற்கிறவள் எல்லோரும் மூட்டைமேல் உட்கார்ந்து என்னிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். அந்தப் படங்களைப் பார்த்த ஒரு பதிப்பகம் புத்தகம் போடலாம் என்றது. படத்துக்குப் பக்கத்தில் அவரவர் கதையும் வர வேண்டும். அங்கேதான் இடி விழுந்தது. "மேடம், படம் சூப்பர். எழுத்தை வேற ஒருத்தர்கிட்ட வாங்கிக்கறோம், உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றார் அங்கே இருந்த எடிட்டர் பெண்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. என்னை நம்பிச் சொன்ன கதையை எவரோ எழுதுவதா? "நான்தான் எழுதுவேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆடி முடிவதற்குள் கொடுங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். எழுதினேன். நான் எழுதியதை மறுநாள் என்னாலேயே படிக்க முடியவில்லை. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றும் கூட்டம். நெருக்கியடித்து உள்ளே போய் மாரியோடு சண்டை போட்டேன். "எத்தனை கண்ணு வாங்கிக்கிட்ட? எனக்கு என்ன குடுத்த? என் எழுத்து எங்க?" வாய்விட்டே கேட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே வந்தால், சுவரோரம் கறுப்புக் கண்ணாடியோடு பூக்கார செல்வி அக்கா உட்கார்ந்திருந்தார். என் படத்தில் இருப்பவர்தான். அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட்டத்தில் இடிபடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"கௌரி, உள்ள போனியா? இன்னிக்கு என்ன அலங்காரம்? ஒண்ணு விடாம சொல்லுடி."

"மஞ்சக் காப்புக்கா. எலுமிச்ச மாலை முழங்கால் வரைக்கும் தொங்குது. அதுல ஒரு பழம் மட்டும் இன்னும் பழுக்கல, பச்சையா இருக்கு. பூசாரி கற்பூரத்தட்டைத் தூக்கறப்போ, மொதல்ல மூக்குத்தி மின்னுது. அப்புறம் கண்மலர் ரெண்டும் பளிச்சுனு முழிச்சுக்குது. தூங்கி எழுந்த பொம்பள மாதிரி நம்மளையே பாக்கறாக்கா."

செல்வி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "போதும்டி. நான் பாத்துட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்ட கேள்விக்கு மாரி கோயில் வாசலிலேயே பதில் சொல்லிவிட்டாள்!

வீட்டுக்கு ஓடினேன். முதல் படத்தைத் திறந்து வைத்தேன். போனில், பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைப் போட்டு, "அக்கா, கேளு" என்று ஆரம்பித்தேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதியது. பிறகு அதையே வாசிக்க வைத்துக் கேட்டேன். தப்பு எங்கே என்று காது காட்டிக் கொடுத்தது. ஆடி முடிவதற்குள் எல்லாக் கதையும் போய்ச் சேர்ந்தது. எடிட்டர் போன் செய்து, "யார் மேடம் எழுதிக் குடுத்தாங்க?" என்றார். "யாரு எழுதுவா? நான்தான்!" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா!

தை மாதம் புத்தகம் வந்தது. அட்டையில் 'படங்களும் எழுத்தும்: கௌரி' என்று இருந்தது. வெளியீட்டில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, திரையில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னேன். முன்வரிசையில் செல்வி அக்கா விசில் அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். "தப்பா வேண்டிக்கிட்டேன்னு அன்னிக்குக் கத்துனியே. நான் கண்ணுக்குத்தானேடி வேண்டினேன். கண்ணைத்தானே குடுத்திருக்கா."

அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

இன்றும் பஸ் போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. போகட்டும், அடுத்தது வரும். இதையும் போனிடம் சொல்லித்தான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கும் எழுத்து வராமல் இருந்தால் அடிக்காதீர்கள். இதைப் பற்றித் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அப்படியே மாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். என் அம்மாவுக்கும் தெரியாது. அவர் வேண்டி வாங்கிக் கொடுத்த கண்ணால்தான் நான் இன்று எழுதுகிறேன்.