ஹெலி ஏறிய கிடாய்

நெடுந்தீவில் ஹெலிகொப்டர் இறங்குகிற தரையைப் பெருப்பித்து, சின்ன விமானமே இறங்கும்படி செய்யப்போகிறார்களாம். போன கிழமை ஒரு பெடியன் கையில் படிவத்தோடு எங்கள் படலையடிக்கு வந்து, "அக்கா, உங்கட அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டான். பாவம், நல்ல பிள்ளை. நான் கத்தின கத்தலில் பேனையையும் விட்டுவிட்டு ஓடிவிட்டான். என் அபிப்பிராயத்துக்கு அவனுடைய படிவத்தில் இடம் காணாது. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தரையை முதன்முதல் திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் காணி அம்மாவின் தமையன், என் பெரியமாமாவுடையது. மரம் மட்டை ஒன்றும் இல்லாத கல்லுத்தரை. மழைக்காலம் கழிந்தால் புல்லும் கருகிவிடும். ஊரில் தன்பாட்டில் திரிகிற காட்டுக் குதிரைகள்கூட அங்கே நிற்காது. இறங்குதளத்துக்கென்று கேட்டதும் மாமா மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். சாந்து வைக்காமல் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பரம்பரைக் கல்வேலியைத் தன் கையாலேயே பிரித்தார். அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்படித்து வட்டமாக வைத்தார்கள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் வருத்தக்காரரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத்தான் இந்த ஏற்பாடு என்று மாமா வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

திறப்புவிழா சோளகக் காற்று பேயாய் அடித்த ஒரு நாளில் வந்தது. அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குப் போகிற படகு இரண்டு நாளாக ஓடவில்லை. அன்று காலையில்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெட்டித்தான் எடுக்கவேண்டும், இங்கே ஏலாது என்று ஊர் ஆஸ்பத்திரி மிஸி கையை விரித்தார். வீட்டில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. அதுதான் ஹெலி வரப்போகிறதே! கடவுளாகப் பார்த்து அனுப்புகிறார் என்றார் அம்மா. சின்னம்மாவை லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் பாய் விரித்துக் கிடத்திக் கொண்டுவந்து, விழாப் பந்தலுக்குப் பின்னால் நிழலில் விட்டார்கள்.

ஹெலி புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. தளத்தைத் திறந்துவைக்க வந்த பெரியவர் இறங்கினார். அந்த ஆளின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. முக்கால் மணித்தியாலம் பேசினார். இனி இந்தத் தீவில் எந்தத் தாயும் கடல் அடங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். பந்தலுக்குப் பின்னால் சின்னம்மா சீலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தார். கூட்டத்துக்குள் சத்தம் கேட்டால் மரியாதையில்லையாம்!

எங்கள் ஊரில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட மனுசன்! மூன்று உரப்பை நிறையக் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், கருவாடு, மோர்மிளகாய், கடைசியில் காலைக் கட்டின கொழுத்த கிடாய் ஒன்று. எல்லாம் ஹெலியில் ஏறின. என் பங்குக்கு ஓர் ஓலைப்பெட்டி நிறையப் பனங்கட்டி. அதை நானே சுமந்துபோய்க் கொடுத்தேன். பெரியவர் என் கன்னத்தைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா சின்னம்மாவின் கதையை எடுத்தார். முதலில் கொடுக்கவேண்டும், பிறகுதான் ஒன்றைக் கேட்கவேண்டும். அது மாமாவின் பண்பாடு, மண்ணாங்கட்டி. ஹெலி ஓட்டிவந்தவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பாரம் கூடிவிட்டது. அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மனுசத்தன்மை இருந்தது. கிடாயையும் பைகளையும் இறக்கச்சொல்லி விரலால் காட்டினான். பெரியவர் சிரித்துக்கொண்டே மாமாவிடம் திரும்பினார்.

"என்ன ஐயா, இறக்குவமோ?"

அட பாவி, அது கேட்கிற கேள்வியா!

மாமா கூனிக்குறுகிப்போனார். "சீச்சீ, குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? நீங்கள் போய் ஹெலியைத் திருப்பி அனுப்புங்கோ ஐயா. தங்கச்சி அது வரும்மட்டும் தாங்குவாள்."

"ஒரு மணித்தியாலத்திலை வந்திடும்" என்றார் பெரியவர்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? ஆட்டை இறக்கச் சொல்லுங்கோ!" என்று அம்மா குளறிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் ஹெலியின் இரைச்சல் தொடங்கிவிட்டது.

போன ஹெலி திரும்பி வரவில்லை. பொழுதுபடும்வரை எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அடுத்த நாள் விடிய, காற்று அடங்காமலே, ஒரு மீன்பிடி வள்ளத்தில் சின்னம்மாவை ஏற்றினார்கள். அவர் உயிரோடு திரும்பி வந்தார். பிள்ளை வரவில்லை. அவசர நோயாளருக்கென்று திறந்த இடத்திலிருந்து முதன்முதல் பறந்துபோனது ஓர் ஆட்டுக்கிடாய். அதைக் கறி வைத்துத் தின்றவர்களின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நான் மனதாரத் திட்டுகிறேன். மாமாவையும் நான் மன்னிக்கவில்லை. அவருடைய செத்தவீட்டுக்குப் போனேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மிச்சக் கோபம் முழுவதும் என்மேல்தான். ஹெலி எழும்பின கையோடு நான் பந்தலுக்குப் பின்னால் ஓடினேன்.

"சின்னம்மா, என்ர பெட்டியையும் ஏத்திட்டினம்! நானே தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தனான்!"

சின்னம்மா கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் வியர்த்து, உதடு வெடித்திருந்தது. 

"எவ்வளவு பாரமடி குஞ்சு, உன்ர பெட்டி?" என்று கேட்டார்.

என் கை நொந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பெரிய சந்தோசம்.

"பாரமே இல்லை, சின்னம்மா," என்றேன். "இன்னும் ரெண்டு பெட்டி தந்திருந்தாலும் கொண்டுபோய் ஏத்தியிருப்பன்."